இலை வேறு

அந்தக் கட்டடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மண்டையைப் பிளக்கும் வெயிலில். உச்சி வேளையில்தான் காத்து கறுப்பு உலாவும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததில்லை. வாசலில் காவலாளி என் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாதும்மா. தாகம் எடுத்தா வெளிய வந்து குடிச்சுக்கோங்க."

அது செடிகளின் காப்பகம். காட்டில் வெட்டிய கிளைகளைத் தாள்களுக்கிடையில் அழுத்தி, காயவைத்து, கெட்டி அட்டைத் தாளில் ஒட்டி, அலமாரிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பறித்த இலைகூட அங்கே உண்டு. ஈரம் பட்டால் பூஞ்சை வரும், அதன் பின்னால் பூச்சி வரும், பிறகு எல்லாம் போச்சு. அதனால் ஜன்னலே கிடையாது. குளிரூட்டி இரவு பகலாக ஓடும். ஆள் நடந்தால் எரிந்து, ஆள் நகர்ந்ததும் அணைந்துவிடுகிற விளக்குகள். அலமாரிகள் தண்டவாளத்தில் நிற்கும். ஓரத்திலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் இரண்டு அலமாரிகள் விலகி, ஓர் ஆள் நுழையுமளவு சந்து திறக்கும்.

பூச்சி அண்டாமலிருக்க அலமாரிதோறும் அந்துருண்டை போட்டிருப்பார்கள்; காப்பாளருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயரும் அதுதான். நாற்பது வருஷம் அந்த வாசனையிலேயே ஊறியவர், ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கை காஞ்சிருக்கா?"

என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சி என்றால், "இன்னும் படிப்பு முடியலையா?" என்பார்கள். மழைக்காட்டில் ஒரே குடும்பத்து மரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி. ஒருவர் இலை நீளமென்று தனிப் பெயர் வைத்திருப்பார், இன்னொருவர் மயிர் இருக்கிறதென்று வேறொரு பெயர் வைத்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட குடும்பத்தில் நூற்றாறு பெயர்கள் இருந்தன. உண்மையில் எத்தனை இனம், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு. ஒவ்வொரு தாளிலிருந்தும் நகத்தளவு இலையைக் கிள்ளி, அரைத்து, டி.என்.ஏ. எடுத்து ஒப்பிடுவேன். தனியாக நிற்காத பெயரைப் பக்கத்துப் பெயரோடு சேர்த்துவிடுவேன்.

அந்த நூற்றாறில் ஒன்று என் அண்ணி வைத்த பெயர்.

அண்ணியும் இதே துறைதான். அவள் பிரிக்கிற கட்சி, நான் சேர்க்கிற கட்சி. சாப்பாட்டு மேசையில் இரண்டு இலையை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சண்டை போடுவோம். "நாத்தனார்தான் குடும்பத்தைப் பிரிப்பான்னு சொல்வாங்க. எனக்கு வாய்ச்சவ எல்லாத்தையும் சேர்த்துத் தொலைக்கிறாளே" என்பாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், எங்கள் சண்டை அவனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அவளுடைய மரமேறும் கயிறுகளை எடுத்து, ஒவ்வொரு முழமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பார்த்துக் கொடுக்காத கயிற்றில் அவள் ஏறியதே இல்லை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினொரு நாள் இருந்தது. பெயரைப் பிறகு பதிந்துகொள்ளலாம் என்று விட்டதில், பதிவுப் புத்தகத்தில் 'பெண் குழந்தை' என்று மட்டும் நின்றுவிட்டது. ஆறு வாரம் கழித்து அண்ணி காட்டுக்குப் போனாள். ஒரு கிளையும் மூன்று பூக்களும் கொண்டுவந்தாள். இதுவரை யாரும் பார்க்காத பூ என்றாள். அந்த மரத்துக்குக் குழந்தையின் பெயரை வைத்தாள். உலகத்தில் அந்தப் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அதுதான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மழை நாளில், யாரிடமும் சொல்லாமல், அண்ணனிடம் கயிற்றைக்கூடக் காட்டாமல், அதே சரிவுக்குப் போய் மரமேறி விழுந்து செத்தாள்.

அண்ணன் போய் உடலை எடுத்து வந்தான். "பையில ஒண்ணுமே இல்ல. வேலைக்குப் போறவ வெறும் பையோடயா போவா?" என்று ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டான். அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. குழந்தை போன துக்கத்தில் அவள் வேண்டுமென்றே கையை விட்டுவிட்டாள் என்று ஏழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான். நான் இந்த வேலையில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வான். முன்பு என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான். குழந்தைக்குப் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டான்.

"ஏம்மா, பேரு நிக்குதா?"

"இன்னும் பார்க்கலண்ணா."

பயத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நூற்றுப் பன்னிரண்டு மரங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டதில், அண்ணியின் இலை ஒரு சாதாரண மரத்தின் மாதிரிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. காடு முழுக்க மலிந்து கிடக்கும் மரம், விறகுக்குக்கூட யாரும் மதிக்காதது. மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே 'சேர்க்க' என்று எழுதினேன். எழுதிய கை என்னுடையதுதானா என்று இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தாளில் முன்பு யாராவது ஒட்டிய அடையாளச் சீட்டைக் கிழிக்கக் கூடாது. அந்தப் பெயர் தவறென்று தோன்றினால், சரியான பெயர், கையெழுத்து, தேதி எழுதிய சீட்டை அதன் கீழே ஒட்ட வேண்டும். செத்தவர்களோடு வாக்குவாதம் செய்ய எங்களுக்கு இருக்கும் ஒரே வழி அது. என் சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு அண்ணியின் தாள் இருந்த பதினான்காம் வரிசைக்குப் போனேன்.

சந்து ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாருங்க உள்ள?"

யாரும் இல்லை.

முதலில் வாசனை வந்தது. அந்துருண்டையும் பழைய காகிதமும் மணக்க வேண்டிய இடத்தில் மழை பெய்து ஓய்ந்த மண்ணும் அழுகிய இலையும் மணத்தன. அலமாரியைத் திறந்து, புதுப் பெயருக்கு ஆதாரமான தாள்களை வைக்கும் சிவப்பு உறையிலிருந்து அண்ணியின் தாளை எடுத்தேன். இலைகள் நிறைந்த கிளை, அதன் நுனியில் ஒரே ஒரு பூ. மற்ற இரண்டையும் அண்ணியே அறுத்துப் பார்த்து வரைந்துவிட்டிருந்தாள். கீழே அவளுடைய பழைய சீட்டு.

அதன் கீழே இன்னொரு சீட்டு இருந்தது.

பெயர் எழுதும் இடம் காலி. கையெழுத்து அண்ணியுடையது, கடைசி எழுத்தின் வாலைக் கொடி மாதிரி சுழித்துவிடும் அதே கை. தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி.

மை காயவில்லை.

காப்பாளரிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்தார். சீட்டை விட்டுவிட்டு, சுவரில் இருந்த ஈரமானியைத்தான் முதலில் பார்த்தார். காற்றின் ஈரம் மற்ற வரிசைகளில் நாற்பத்தைந்து சதவீதம், இங்கே தொண்ணூற்று நான்கு.

"ஐயோ, பூஞ்சை பிடிச்சிடுமே!" என்றார்.

"சார், அந்தக் கையெழுத்து..."

"இந்த அறைச் சாவி என்கிட்ட மட்டும்தாம்மா இருக்கு. யாரோ விளையாடுறாங்கன்னா, நான்தான் விளையாடணும். என்னைப் பார்த்தா விளையாடுற ஆள் மாதிரியா இருக்கு?"

சிரிக்கத்தான் முயன்றார். அன்று என் சீட்டை ஒட்டாமலே திரும்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனபோதும் சந்து திறந்தே கிடந்தது. தாளில் புதிதாக ஒரு சீட்டு. இந்த முறை பெயருக்கான இடத்தில் இரண்டே சொற்கள்.

இலை வேறு.

எனக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. செத்தும் பிரிக்கிற கட்சிதானா நீ? இலை வேறு மாதிரி இருக்கிறது, அதனால் இனம் வேறு என்று இன்னும் வாதாட வந்திருக்கிறாயா? அந்தச் சந்தில் தனியாக நின்று, பைத்தியம்போல வாய்விட்டுச் சொன்னேன்.

"அண்ணி, இலை வேறில்ல. நல்லாப் பார்த்துட்டேன். ஒண்ணுதான். என்னால பொய் எழுத முடியாது அண்ணி."

தலைக்கு மேலே ஏதோ முனகியது.

கயிறு. பாரம் தாங்கும் கயிறு மரத்தில் உராயும்போது எழும் சத்தம். அண்ணியோடு காட்டுக்குப் போன நாட்களில் கீழே நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதோடு மூச்சிரைப்பு. மேலே ஏறுகிறவளின் மூச்சு.

அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கூரையும் குழல்விளக்கும்தான் இருந்தன.

என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த மழைத்தண்ணீர்.

தாள் நனைந்துவிடுமே என்றுதான் அப்போதும் தோன்றியது, தொழில் புத்தி. இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அப்போது சந்தின் வாயிலில் இருந்த சக்கரம் திரும்பத் தொடங்கியது.

யாரும் தொடவில்லை.

முதுகுப்பக்கத்து அலமாரி மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது. அது என் தோளைத் தொட்டது, முதுகைத் தொட்டது, தாள் எதிர் அலமாரியில் முட்டும்வரை முன்னால் தள்ளியது. என் முகத்துக்கும் தாளுக்கும் இடையே ஒரு சாண் இருந்தது, பிறகு நாலு விரல். அதற்குமேல் நகரவில்லை. நசுக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கவனிக்காத பிள்ளையின் பிடரியைப் பிடித்துப் புத்தகத்தில் கண்ணை வைக்கச் செய்வது போல, அப்படியே பிடித்து நிறுத்தியது.

காதருகே, மூச்சைவிடச் சன்னமாக ஒரு குரல்.

"பாரு."

பார்த்தேன். கிளையின் நுனியும் பூவின் காம்பும் சேரும் இடத்தில் ஒரு ஒட்டுப் பட்டை இருந்தது. தாளில் கிளையைப் பிடித்து வைக்க எல்லோரும் ஒட்டும் சின்னக் காகிதப் பட்டைதான். ஈரத்தில் அதன் ஓரம் எழும்பியிருந்தது. அடியில், கிளைக்கும் காம்புக்கும் நடுவே, மயிரிழை அளவு இடைவெளி. கிளையின் நுனியில் எதுவும் ஒடிந்த தழும்பே இல்லை. அந்தப் பூ அந்தக் கிளையில் ஒருநாளும் இருந்ததில்லை.

இலை வேறு. பூ வேறு.

இனம் வேறென்று அவள் வாதாடவே இல்லை. அந்த இலை வேறொரு மரத்தினுடையது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

'ஒரு மரம், ஒரு நேரம், ஒரு எண்', ஒரே எண்ணில் வேறு மரத்துத் துண்டு கலக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். ஆனால் அந்தச் சரிவில் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முப்பது மீட்டர் உயரத்தில் வெட்டினால், பக்கத்து மரத்துக் கிளையும் சேர்ந்து விழும். கீழே இலையும் பூவும் ஒரே இடத்தில் கிடக்கும். கைதேர்ந்தவர்கள் ஒடிந்த முனைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். அண்ணி கைதேர்ந்தவள்தான். ஆனால் அன்றைக்குக் குழந்தை போய் ஆறே வாரம். வேலைக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் யாரும் தடுக்கவில்லை. போனால் மனசு மாறும் என்று நானே சொன்னேன்.

சக்கரம் பின்னோக்கிச் சுழன்று சந்து திறந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பெயர் உண்மையில் எந்த மரத்துக்கு உரியது என்று சொல்லக்கூடியது அந்தப் பூ மட்டும்தான். அதையும் அரைத்தால்தான் சொல்லும். நகத்தளவு கிள்ளினால் போதாது. சுண்டுவிரல் நுனியளவு காய்ந்த பூ, முழுசாக வேண்டும். அரைத்த பிறகு அதுவும் சாதாரண மரம்தான் என்று வந்தால், பெயரும் இல்லை, பூவும் இல்லை.

காப்பாளர் என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"இருக்கிறது ஒத்தைப் பூ. அதையும் அரைச்சுட்டா நாளைக்கு என்னத்தைக் காட்டுவேன்? முடியாதும்மா."

"சார், அரைக்கலைன்னா நான் அந்தப் பேரை எடுத்தாகணும்."

"எடுத்துக்கோங்க. பூ மிஞ்சும்ல?"

அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்து, நெற்றி வழியாக இறங்கி, மூக்கு நுனியில் நின்றது. அவர் துடைக்கவில்லை. மெதுவாக மேலே பார்த்தார். குழாய் எதுவும் இல்லாத கூரை. அந்த அறையில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அனுமதிக்காதவர்.

"அவங்களா?" என்று உதடு மட்டும் அசையக் கேட்டார்.

தலையாட்டினேன்.

"இங்க வேலை செஞ்சப்போ தினமும் போறப்போ சொல்லிட்டுப் போவாங்க. கடைசித் தடவை அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. என்னம்மான்னு கேட்டேன். 'ஒரு தப்புப் பண்ணிட்டேன் சார், சரி பண்ணிட்டு வந்துடறேன்'னு சொன்னாங்க." பேனாவை எடுத்தார். "என்ன தப்புன்னு நான் கேட்டிருக்கணும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்று சொன்னார். "காம்பை மட்டும் விட்டுடுங்க. ஏதாவது ஒண்ணு மிஞ்சட்டும்."

பூவைச் சின்னக் கல்வத்தில் போட்டேன். இதழ்களின் நிறம் எப்போதோ போயிருந்தது. இரண்டு சுற்றில் பழுப்புப் பொடியானது. காம்பு மட்டும், அரிசி நீளத்தில், பட்டைக்கடியில் தாளிலேயே இருந்தது.

முடிவு வர மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் பதினான்காம் வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. ஈரமானி நாற்பத்தைந்தில் நின்றது.

பூ வேறு. நான் பார்த்த எந்த மரத்தோடும் அது சேரவில்லை. தன்னந்தனியாக ஓரத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் அண்ணனுக்குப் போன் செய்தேன். லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தான் போல, குரல் எதிரொலித்தது.

"அண்ணா, பேரு நிக்குது."

அவன் குழியிலிருந்து மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ அந்த மரத்தைப் போய்ப் பார்க்கலாமா?" என்றான்.

"பார்க்கலாம். அந்தச் சரிவுலதான் இருக்கும்."

"அந்தச் சரிவுலயா?" அவன் குரல் இறங்கியது. "அவ விழுந்த எடத்துக்கு நான் வருஷா வருஷம் போறேம்மா. இப்போ அங்க மின்கம்பி போகுது. ரெண்டு பக்கமும் வழிச்சு எடுத்துட்டாங்க. ஒரு மரம் இல்ல."

வேறெங்கும் அந்த மரத்தை யாரும் பார்த்ததாக எந்தத் தாளிலும் இல்லை. நான்தான் எல்லாத் தாளையும் பார்த்தவள்.

"அப்போ இதுவும் பேரு மட்டும்தானா?" என்றான் அண்ணன்.

"நீ வந்து தாளைப் பாருண்ணா," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் காப்பகத்துக்கு வந்தான். காவலாளி அவனுடைய தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வைத்துக்கொண்டார். காப்பாளர் பதினான்காம் வரிசையைத் திறந்துவிட்டார். தாளை மேசையில் வைத்து, அண்ணி செய்த தவறைச் சொன்னேன், பக்கத்து மரத்து இலை, ஒட்டாத காம்பு எல்லாம்.

"அவளுக்கு அது தெரிஞ்சுபோச்சுண்ணா. இப்படியே விட்டா என்னை மாதிரி யாராவது ஒருத்தி வந்து பேரை எடுத்துடுவான்னு தெரிஞ்சுபோச்சு. அந்த மரத்து இலையைச் சரியா எடுத்துட்டு வரத்தான் போயிருக்கா. உன்கிட்ட எப்படிச் சொல்வா? குழந்தை பேருலயே தப்புப் பண்ணிட்டேன்னா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தான். அதிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சின்ன அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். கிளையில் கட்டுவதற்காக நாங்கள் நூல் கோத்து வைத்திருக்கும் அட்டை.

"அவ கைக்குள்ள இருந்துச்சு. என்னன்னு தெரியல. தூக்கிப் போட மனசு வரல."

பென்சிலில் எழுதியது மழையிலும் அழியவில்லை. 2217-அ. தாளில் இருந்த எண் 2217. அதே மரத்தில் மறுபடி பறித்தால் 'அ' போடுவோம். ஏறுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது அவள் வழக்கம்.

சொன்னேன். அண்ணன் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஏழு வருஷம்டி," என்றான். "ஏழு வருஷம் அவமேல கோவமா இருந்துட்டேனே. என்னை விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சுட்டேனே."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் பெயரை விரலால் தொடாமல், காற்றில் தடவுவதுபோல ஒருமுறை தடவினான். பிறகு சட்டென்று குனிந்தான்.

"இது என்ன?"

இந்தக் குடும்பத்து மரங்களை வெட்டினால் வெள்ளையாகப் பால் வடியும். பறித்த அரை மணியில் அது உறைந்துவிடும். காய்ந்த கிளையில் பால் இருக்காது.

பட்டைக்கடியில் இருந்த அந்த அரிசி நீளக் காம்பின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது.

அண்ணன் சுட்டுவிரலால் அதைத் தொட்டு எடுத்தான். நுனி மறுபடி வெளுத்தது. ஊசிமுனையாகத் தொடங்கி, உருண்டு, தளும்பி நின்றது. அவன் விரலைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்.

"குட்டி போன பிறகும் இருபது நாள் அவளுக்குப் பால் நிக்கல. விடியக்காலைல தனியா உக்காந்து பிழிஞ்சு ஊத்துவா. நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன்."

காப்பாளர் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. ஈரத்தைக் கண்டதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளை உருவி, தாளை நோக்கிக் குனிந்தார். அப்படியே நின்றார். பிறகு ஒற்றுத்தாளை நாலாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சொட்டு நிரம்பி, தாளில் வழிந்து, மீண்டும் ஊறிக்கொண்டிருந்தது.